உறை வந்து சேர்ந்த விதம்

மார்ச் 6

அன்புள்ள வாயாடிக்கு,

அம்மா எழுதுவது. நாள் தவறாமல் போனில் பேசிக்கொண்டுதானே இருக்கிறோம், இது என்ன புதுசாகக் கடிதம் என்று நினைப்பாய். உள்ளே இருக்கும் கடிதம் முக்கியமில்லை. அது வந்த உறையைப் பார். குப்பையில் போட்டிருந்தால் இப்போதே போய் எடு. தேன் நிறத்தில், கொஞ்சம் கண்ணாடி மாதிரி இருக்கிறதா? அது காகிதம் இல்லை, பிளாஸ்டிக்கும் இல்லை. கடற்பாசி. நானும் உன் அப்பாவும் பாசியைக் காய்ச்சி, பழைய ஜன்னல் கண்ணாடியில் ஊற்றிக் காயவைத்து உரித்தது.

எல்லாம் உன்னால் வந்த வினை. போன தடவை நீ வந்திருந்தபோது சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து உன் ஆபீஸ் கதையை அளந்தாயே. கடலை வைத்துத் தொழில் தொடங்க யார் யாரோ விண்ணப்பம் போடுகிறார்கள், அலையில் மின்சாரம் எடுக்கிறேன் என்கிறான் ஒருவன், மீன் கூண்டுக்குள் கேமரா வைக்கிறேன் என்கிறாள் ஒருத்தி, பாசியில் பை செய்கிறேன் என்கிறார் இன்னொருவர், அதெல்லாம் தேறுமா தேறாதா என்று படித்துச் சொல்வதுதான் உன் வேலை என்று. நீ பேசிக்கொண்டே அடுத்த கதைக்குப் போய்விட்டாய். நான் அந்தப் பையிலேயே நின்றுவிட்டேன். முப்பது வருஷம் பிளாஸ்டிக் பை தொழிற்சாலையில் தரம் பார்த்தவளிடம் வந்து இதைச் சொன்னால் வேறு என்ன நடக்கும்?

துறைமுகத்தில் பழைய ஐஸ் கிடங்கைத் தடுத்துப் புதுத் தொழில்காரர்களுக்குக் கொடுக்கிறார்கள். எங்களுக்கும் ஒரு தடுப்பு கிடைத்துவிட்டது. இந்தப் பக்கம் இரண்டு பையன்கள், கப்பலின் அடியில் ஒட்டும் சிப்பியைச் சுரண்ட ஒரு யந்திரம் செய்கிறார்கள். அந்தப் பக்கம் ஒரு பெண், மீன் தோலைப் பதப்படுத்திக் கைப்பை செய்கிறாள். நாற்றத்தில் நாங்கள் மூவரும் ஒருவருக்கொருவர் சளைத்தவர்கள் இல்லை. உன் அப்பா லிஃப்ட் மெக்கானிக் புத்தியைக் காட்டி, ஒரு பழைய மோட்டாரில் கிளறும் யந்திரம் செய்திருக்கிறார். முதல் நாள் அது பாசிக் கூழைக் கூரைக்கு ஏற்றிவிட்டது. "மேலே போற பட்டனை அமுக்கிட்டேன் போல" என்கிறார்.

நீ செய்ய வேண்டியது இதுதான். உறை எப்படி வந்து சேர்ந்தது என்று எனக்கு எழுது. கிழிந்ததா, ஈரம் ஏறியதா, நாறுகிறதா. பிறகு ஒரு துண்டை வெட்டி உப்புத் தண்ணீரில் போட்டு வை. கடலில் விழுந்தால் கரைய வேண்டும், அதற்குத்தான் இவ்வளவு பாடு. போனில் சொல்லாதே. போனில் நீ எதைக் கேட்டாலும் "சூப்பர்மா" என்பாய். எழுதும்போதுதான் யோசிப்பாய்.

வயிற்றுப் பிள்ளைக்காரி வேளைக்குச் சாப்பிடு. ஜூலை பத்து என்றுதானே டாக்டர் தேதி கொடுத்திருக்கிறார். நான் ஜூன் கடைசியிலேயே வந்து நின்றுவிடுவேன். அதில் ஒரு மாற்றமும் இல்லை.

உன் அம்மா


மார்ச் 21

அன்புள்ள அம்மாவுக்கு,

உறை வந்து சேர்ந்த விதம்: சொன்னால் நீ வருத்தப்படுவாய். வழியில் எங்கேயோ மழையில் நனைந்து ஒரு ஓரம் குழைந்துவிட்டது. எங்கள் தபால்காரர் இரக்கப்பட்டு, அதைப் பத்திரமாக ஒரு பிளாஸ்டிக் கவரில் போட்டு, "மன்னிக்கவும், உறை பழுதாகியிருந்தது" என்று சீட்டு எழுதி வைத்துவிட்டுப் போயிருக்கிறார். நான் வாசலிலேயே நின்று சிரித்தேன். வாசனை உண்டு. மோசமில்லை, மழை பெய்து முடிந்த படகுத்துறை மாதிரி. உப்புத் தண்ணீர்க் கிண்ணத்தில் போட்ட துண்டு மறுநாள் காலையில் கொழகொழவென்று ஆகி, அதற்கு அடுத்த நாள் காணாமலே போய்விட்டது. இவர் கிண்ணத்தைப் பார்த்துவிட்டு, "அத்தை அனுப்பினது எங்கே, குடிச்சுட்டியா?" என்று கேட்கிறார்.

அம்மா, பெருமையாக இருக்கிறது. பயமாகவும் இருக்கிறது. என் மேசைக்கு வரும் பாசித் தொழில்கள் எல்லாம் ஒரே இடத்தில்தான் மாட்டிக்கொள்கின்றன. ஈரத்தைத் தாங்க வேண்டும், ஆனால் கடலில் கரைய வேண்டும். ஒன்றைச் சரிசெய்தால் மற்றது கெடுகிறது. பெரிய ஆய்வுக்கூடம் வைத்திருப்பவர்களே முழி பிதுங்கி நிற்கிறார்கள். நீ உடம்பைக் கெடுத்துக்கொண்டு இதில் விழாதே. மெதுவாகச் செய்.

குழந்தை உதைக்கிறது. குறிப்பாக நான் ஆபீஸில் கூட்டத்தில் பேசும்போது. என்னை மாதிரியே வாயாடியாக வரும் போலிருக்கிறது, குறுக்கே பேசுகிறது. நீ ஜூன் கடைசியில் வருவதை நினைத்துக்கொண்டுதான் நாளைத் தள்ளுகிறேன். டிக்கெட்டைச் சீக்கிரம் போடு.

வாயாடி


ஏப்ரல் 17

அன்புள்ள வாயாடிக்கு,

உன் கடிதத்தைக் கிடங்கில் எல்லோருக்கும் படித்துக் காட்டினேன். தபால்காரர் கதைக்குச் சிப்பிப் பையன்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். எனக்குத்தான் சிரிப்பு வரவில்லை.

இந்த உறை கொஞ்சம் பரவாயில்லை. தபால்தலை ஒட்டினால் அந்த இடம் சுருங்கிப் போகிறது என்று தபால் அலுவலகத்துப் பெண் திட்டுகிறாள். அதனால்தான் முகவரியையும் தபால்தலையையும் ஒரு அட்டையில் ஒட்டி நூலால் கட்டியிருக்கிறேன். பார்க்க மூட்டை மாதிரி இருந்தாலும் மன்னித்துவிடு.

ஒரு செய்தி. பயணிகள் படகு ஓட்டும் நிறுவனத்தின் மேலாளர் கிடங்கைச் சுற்றிப் பார்க்க வந்தார். படகில் விற்கிற பிஸ்கட் பொட்டலத்தை ஜனங்கள் தின்றுவிட்டு அப்படியே கடலில் வீசுகிறார்கள், சொல்லிச் சொல்லி அலுத்துவிட்டது என்றார். என் தாளை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். "இதுல பொட்டலம் போட்டுத் தருவீங்களா? பிஸ்கட் நமுத்துப் போகக்கூடாது. அவ்வளவுதான்" என்றார். அவ்வளவுதானாம். நான் தலையை ஆட்டிவிட்டேன். இந்த வயதில் ஒருவர் என்னிடம் வந்து, செய்து தருவீர்களா என்று கேட்கிறார். தொழிற்சாலையில் இத்தனை வருஷத்தில் ஒருவரும் அப்படிக் கேட்டதில்லை. இதைத் தட்டு, அதை அனுப்பு என்றுதான் சொன்னார்கள்.

சோதனை ஓட்டம் ஜூலை முதல் வாரம். கூட்டம் அதிகம் வருகிற சமயமாம், அதை மாற்ற முடியாது என்கிறார். யோசித்துப் பார்த்தேன். முதல் பிரசவம் கொஞ்சம் தள்ளித்தான் போகும். நீயே டாக்டர் சொன்ன தேதிக்கு எட்டு நாள் கழித்துப் பிறந்தவள். சோதனை முடிந்த கையோடு வண்டி ஏறினால் சரியாக இருக்கும் என்று தோன்றுகிறது. அதுவரை மாப்பிள்ளை பார்த்துக்கொள்ள மாட்டாரா? நீ என்ன சொல்கிறாய்?

உன் அப்பா உனக்கு ஒரு தொட்டில் செய்கிறார். அதற்கும் மோட்டார் வைக்கப் பார்த்தார். நான் பிடுங்கி வைத்துக்கொண்டேன்.

உன் அம்மா


மே 2

அம்மாவுக்கு,

உறை வந்து சேர்ந்த விதம்: கிழியவில்லை. ஈரம் ஏறி ஒட்டிக்கொண்டது, பிரிக்கும்போது கடிதத்தின் கடைசி இரண்டு வரி உறையோடு போய்விட்டது. கிண்ணத்தில் இரண்டு நாளில் கரைந்தது.

நான் என்ன சொல்கிறேன் என்று கேட்டிருக்கிறாய். போனில் கேட்டிருந்தால், பரவாயில்லைம்மா, நீ வேலையை முடி என்று சொல்லியிருப்பேன். கடிதத்தில்தான் யோசிப்பேன் என்று நீதானே சொன்னாய். யோசித்தேன்.

சின்ன வயதில் கழுத்தில் வீட்டுச் சாவியைக் கட்டிக்கொண்டு பள்ளிக்கூடம் போனேன். நீ மதிய ஷிப்டில் இருப்பாய், அப்பா ஏதாவது லிஃப்டுக்குள் இருப்பார். எனக்கு அதில் ஒரு குறையும் இல்லை. சொல்லப்போனால் பெருமையாகத்தான் சுற்றினேன், வகுப்பில் வேறு யாரிடமும் சாவி இல்லை. நீ வேலைக்குப் போனதால்தான் நான் படித்தேன், அது எனக்குத் தெரியும். அதனால் நீ வேண்டும், இன்றைக்கு வீட்டில் இரு என்று உன்னை நான் ஒரு நாளும் கேட்டதில்லை. இப்போது கேட்கிறேன்.

எனக்குப் பயமாக இருக்கிறது அம்மா. டாக்டர் எல்லாம் நன்றாக இருக்கிறது என்கிறார், ஆனாலும் பயமாக இருக்கிறது. இவர் நல்லவர்தான். ஆனால் பயம் வந்தால் வீட்டைத் துடைக்க ஆரம்பித்துவிடுவார். நேற்று நான் முதுகு வலிக்கிறது என்றேன், அலமாரியை நகர்த்தி அதன் பின்னால் துடைக்கிறார். ஆஸ்பத்திரியில் என் பக்கத்தில் நீ உட்கார்ந்திருக்க வேண்டும். நீ ஒன்றும் செய்ய வேண்டாம். சும்மா உட்கார்ந்தால் போதும்.

மகள்


மே 24

என் கண்ணே,

நேற்று உன் கடிதம் வந்தது. அதற்கு முன்னாலேயே எல்லாம் முடிந்துவிட்டது. ஈரம் இனி ஏறாது. மேலாளர் பொட்டலத்தைப் பார்த்துவிட்டு, இவ்வளவு நன்றாக வந்தால் ஜூலை வரை எதற்குக் காத்திருக்க வேண்டும், ஜூன் நடுவிலேயே ஓட்டிப் பார்த்துவிடலாம் என்றார். டிக்கெட் போட்டாகிவிட்டது. ஜூன் இருபத்தைந்து கிளம்புகிறேன். உன் பக்கத்தில் உட்காருவேன். சும்மா உட்கார எனக்கு வராது, கால் பிடித்துவிடுகிறேன்.

எப்படி முடிந்தது என்று வந்து சொல்கிறேன். கை நிறைய வேலை. உறையைப் பார், நீயே அசந்துபோவாய்.

உன் அம்மா


ஜூன் 5

அன்புள்ள அம்மாவுக்கு,

உறை வந்து சேர்ந்த விதம்: அசந்துதான் போனேன். ஒரு சுருக்கம் இல்லை. இங்கே நாலு நாளாக விடாத மழை, தபால் பெட்டிக்குள் தண்ணீர் நின்றது, மற்ற கடிதங்கள் எல்லாம் ஊறிக் கூழாகிக் கிடந்தன. உன்னுடையது மட்டும் தண்ணீரை உதறிக்கொண்டு வந்தது. டிக்கெட் போட்டுவிட்டாய் என்று படித்ததும் நான் அழுதேன், இவர் துடைப்பத்தை எடுத்தார்.

பிறகு வழக்கம்போல ஒரு துண்டை வெட்டிக் கிண்ணத்தில் போட்டேன். மறுநாள் பார்த்தேன், அப்படியே இருந்தது. மூன்றாம் நாளும் அப்படியே. உப்பு போதவில்லையோ என்று இன்னும் ஒரு கை அள்ளிப் போட்டேன். இன்றைக்கு ஒரு வாரம். பாசி நடுவில் குழைந்துபோய்விட்டது. ஆனால் இரண்டு பக்கமும் மெல்லிசாக ஒரு தோல் மட்டும் மிதக்கிறது. விரலில் எடுத்து இழுத்தால் நீள்கிறது.

நான் சந்தேகப்பட விரும்பவில்லை. ஆனால் என் வேலை அதுதானே. அடுப்பில் நெருப்பை மூட்டி ஒரு ஓரத்தைக் காட்டினேன். அம்மா, அந்த வாசனை எனக்குத் தெரியும். நீ ஷிப்ட் முடிந்து வந்து என்னைக் கட்டிக்கொள்வாயே, அப்போது உன் மேல்சட்டையில் வரும் வாசனை. இத்தனை வருஷம் கழித்து என் சமையலறையில் அது வந்து நின்றது. அந்த வாசனை வந்தால் அம்மா வீட்டுக்கு வந்துவிட்டாள் என்று அர்த்தம். எனக்கு அது ரொம்பப் பிடிக்கும். அதனால்தான் மறக்கவில்லை.

தொழிற்சாலைப் பிளாஸ்டிக் பூச்சைத் தடவியிருக்கிறாய், இல்லையா? ஏன் தடவினாய் என்பதும் எனக்குப் புரிகிறது. நான் அந்தக் கடிதத்தை எழுதுவதற்கு முன்னாலேயே நீ தடவிவிட்டாய். கேட்காமலேயே என்னிடம் சீக்கிரம் வந்துவிடத்தான் அவசரப்பட்டிருக்கிறாய். அதை நினைத்தால் உன்மேல் கோபம் வரமாட்டேன் என்கிறது, வர வேண்டும் என்று பார்க்கிறேன்.

அதைப் படகில் ஏற்றாதே அம்மா. இதைவிடப் பழைய பொட்டலமே தேவலை, அதையாவது பிளாஸ்டிக் என்று சொல்லி விற்கிறார்கள். இதைப் பாசி என்று நம்பி இன்னும் அதிகம் வீசுவார்கள். நீ அங்கேயே இருந்து, நிதானமாக, சரியாகச் செய்து முடி. நீ வராவிட்டாலும் நான் சமாளித்துக்கொள்வேன். மெய்யாகத்தான் சொல்கிறேன். எனக்காக நீ இப்படி ஒன்றைச் செய்தாய் என்ற நினைப்போடு என் பக்கத்தில் நீ உட்கார்ந்தால், நம் இருவருக்குமே அது உறுத்திக்கொண்டே இருக்கும்.

உன் வாயாடி


ஜூன் 15

என் வாயாடிக்கு,

இந்தக் கடிதம் சாதாரணக் காகித உறையில் வருகிறது. கையில் உனக்கு அனுப்பும்படியான தாள் ஒன்றும் இல்லை.

நீ சொன்னது சரி. அப்போது உன் அப்பாவுக்குக்கூடத் தெரியாது. அவர் டீ குடிக்கப் போயிருந்த நேரத்தில் தடவினேன். தொழிற்சாலைத் தோழி ஒருத்தியிடம் வாங்கி வந்த பூச்சு. மெல்லிசாகத்தானே, யாருக்குத் தெரியப்போகிறது, உன்னைப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்த பிறகு நிதானமாகச் சரிசெய்துகொள்ளலாம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். முப்பது வருஷம் அடுத்தவர் வேலையில் குறை கண்டுபிடித்தவளுக்குத் தன் வேலையில் கண்ணை மூடிக்கொள்ள ஒரு டீ நேரம் போதும் போலிருக்கிறது. உன் கடிதத்தைப் படித்தபோது வெட்கத்தில் காது சுட்டது. கூடவே, சொன்னால் சிரிப்பாய், கொஞ்சம் கர்வமாகவும் இருந்தது. என் பெண் என்னைவிட நன்றாகத் தரம் பார்க்கிறாள்.

கடிதம் வந்த அன்றே மேலாளரைப் போய்ப் பார்த்தேன். சோதனைக்கு இரண்டு நாள்தான் இருந்தது. விஷயத்தைச் சொன்னேன். அவர் பொட்டலத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"ஏம்மா, பார்க்க நல்லாத்தானே இருக்கு. யாரு கண்டுபிடிக்கப் போறாங்க?"

"கண்டுபிடிச்சாச்சு சார். என் பொண்ணு."

அவர் பொட்டலத்தை மேசைமேல் வைத்தார். பிறகு, "இடத்தைக் காலியா விட முடியாதும்மா, அட்டைப் பெட்டிக்காரங்க காத்துக்கிட்டு இருக்காங்க. அடுத்த வருஷம் கொண்டு வாங்க, பாப்போம்" என்றார். அடுத்த வருஷம் அவர் அந்த நாற்காலியில் இருப்பாரா, நான் சொன்னதை நினைவில் வைத்திருப்பாரா, எனக்குத் தெரியாது. கிடங்குக்குத் திரும்பி வந்து பொட்டலங்களை எல்லாம் பிரித்துப் போட்டோம். உன் அப்பா பிஸ்கட்டைத் தின்றுகொண்டே இருந்தார். "கீழே போற பட்டனை அமுக்கிட்டே, அவ்வளவுதானே, மறுபடி மேலே வரும்" என்றார். அப்போதுதான் எனக்கு அழுகை வந்தது.

வர வேண்டாம் என்று எழுதியிருக்கிறாயே, அந்த வரியை மட்டும் நான் படிக்கவில்லை. இனிமேல் இங்கே என்னைப் பிடித்துவைக்கவும் ஒன்றும் இல்லை, ஆனால் அதற்காக வரவில்லை. அந்தப் படகு நாளைக்கே ஓடினாலும் வருவேன். இதை நான் ஏப்ரலிலேயே எழுதியிருக்க வேண்டும். பாசிக்கு என்ன, கடலில் கட்டிய கயிற்றில் வளர்ந்துகொண்டுதான் இருக்கும். உன் அப்பா பார்த்துக்கொள்வார்.

ஒரு பை நிறையப் பாசித்தூள் கொண்டு வருகிறேன். உன் அடுப்பில் எனக்கு ஒரு ஓரம் வேண்டும். உறுத்துவதைப் பற்றி எழுதியிருந்தாய். உறுத்தினால் உறுத்தட்டும், பக்கத்தில் உட்கார்ந்தே பேசித் தீர்த்துக்கொள்ளலாம்.

அம்மா


பிப்ரவரி 20

அன்புள்ள அம்மாவுக்கு,

நீ ஊர் திரும்பி நாலு மாதம் ஆகப்போகிறது. நீ பாசி காய்ச்சிய பாத்திரத்தில் இன்றைக்கும் பால் காய்ச்ச முடியவில்லை. எத்தனை தேய்த்தாலும் பால் கடலுக்குப் போய்விட்டு வந்த மாதிரியே இருக்கிறது. தூக்கிப் போட இவர் ரெண்டு தடவை எடுத்தார், நான் விடவில்லை. ஆஸ்பத்திரியில் நீ சும்மா உட்காராமல் நர்ஸிடம் கையுறை எந்தத் தரம் என்று விசாரித்தது இங்கே எல்லோருக்கும் கதையாகிவிட்டது. அந்த ராத்திரி என் கையை நீ விடவே இல்லை என்பதை மட்டும் நான் யாருக்கும் சொல்வதில்லை, அதை எனக்கென்று வைத்துக்கொண்டிருக்கிறேன்.

படகு நிறுவனம் இழுத்தடிக்கிறது என்று எழுதியிருக்கிறாய். புது மேலாளருக்கு அட்டைப் பெட்டியே போதும் போலிருக்கிறது என்றும். கஷ்டமாகத்தான் இருக்கிறது. ஆனால் மீன் தோல்காரப் பெண் தன் கைப்பைகளைப் போட்டுக் கொடுக்க உன் தாளைக் கேட்டிருக்கிறாள் என்கிறாயே, அது சின்ன ஆர்டர் என்று அலட்சியம் பண்ணாதே. ஆபீஸில் இப்போது பாசி விண்ணப்பம் எது வந்தாலும் பக்கத்து மேசைக்குத் தள்ளிவிடுகிறேன். ஏன் என்று கேட்டார்கள். "எங்கம்மா இந்தத் தொழில்ல இருக்காங்க, நான் பார்க்கக்கூடாது" என்றேன். சொல்லும்போது, சாவி கட்டிக்கொண்டு சுற்றிய நாள் மாதிரி இருந்தது.

உறை வந்து சேர்ந்த விதம்: முழுதாக வந்தது. தபால் பெட்டியில் ஒரு ராத்திரி மழையில் கிடந்தும் ஓரம் மட்டும்தான் லேசாக மெத்தென்று ஆகியிருந்தது, கடிதம் நனையவில்லை. கிண்ணத்தில் போட்டுப் பார்க்க முடியவில்லை, மன்னித்துவிடு. நான் கடிதத்தைப் படித்துக்கொண்டிருந்தேன். உன் பேத்தி தவழ்ந்து வந்து உறையை எடுத்து வாயில் வைத்துக்கொண்டாள். இவர் துடைப்பத்தைக் கீழே போட்டுவிட்டு ஓடி வந்தார், பிடுங்கக் கையை நீட்டினார்.

"விடுங்க. அம்மா செஞ்சதுதான்" என்றேன்.

மடியில் தூக்கி வைத்துக்கொண்டு பார்த்தேன். ஒரு மூலை அவள் வாயிலேயே கரைந்து போய்விட்டது. மீதியை இத்துடன் அனுப்புகிறேன். ஓரத்தில் அவளுடைய புதுப் பல் ரெண்டின் தடம் இருக்கிறது.

உன் வாயாடி